மஞ்சள் கோடு

பென்னலூரில் விமல்ராஜ் வீட்டுக்கு வழி கேட்டால், "கார் கம்பெனிக்காரர் வூடா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அந்த ஊரிலிருந்து கார் கம்பெனிக்குப் போகிறவர்கள் நாற்பது பேராவது தேறுவார்கள். ஆனாலும் அந்தப் பட்டம் இவனுக்கு மட்டும்தான், தானே செய்து தானே மாட்டிக்கொண்ட பட்டம். தெருவில் யாருடைய பைக்காவது இருமினால் போதும், இவன் காது அந்தப் பக்கம் திரும்பிவிடும். யாரும் கேட்காமலே, "செயின் லூசு," என்பான். பாதி நேரம் அது சரியாகவும் இருந்து தொலைக்கும்.

வேலை தெரியாதவன் என்று அவனைச் சொல்ல முடியாது. ஒரகடத்துக் கம்பெனியில் கியர்பாக்ஸும் பின் அச்சும் வண்டியோடு சேருகிற லைனில் அவன் ஏழு வருஷமாக டீம் லீடர். லைனில் ஒரு போல்ட்டுக்கு மூன்று வேலை. முதலில் ஆள் அதைக் கையால் திருகி வைப்பான். பிறகு காற்றில் ஓடும் 'கன்' என்கிற கருவியால் முறுக்குவான். முறுக்கு சரியாக விழுந்தால் பச்சை விளக்கு எரியும். கடைசியாக விமல்ராஜ் வந்து, மஞ்சள் மார்க்கரால் போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் ஒரு கோடு இழுப்பான். முறுக்கியாகிவிட்டது, பார்த்தாகிவிட்டது என்று அந்தக் கோட்டுக்கு அர்த்தம். பின்னால் போல்ட் நகர்ந்தால் கோடு இரண்டு துண்டாகி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஏழு வருஷத்தில் அவன் முறுக்கிய போல்ட்டுகளை எண்ணிவிடலாம். இழுத்த கோடுகளை எண்ண முடியாது.

அவனுடைய மச்சான் தேவநாதன், மனைவி சசிரேகாவின் அண்ணன், சேரப்பணஞ்சேரிக்காரர். பழைய ஆம்னி வேனில் எலுமிச்சை சாதமும் பிரியாணியும் ஏற்றிக்கொண்டு போய்க் கம்பெனி கேட்டுகளுக்கு எதிரே நிறுத்தி மத்தியானம் விற்கிறவர். அந்த வேன் ஓடினால்தான் அவர் வீட்டில் மறுநாள் உலை கொதிக்கும். வேனின் பின்சக்கரத்துப் பக்கம் ஆயில் ஒழுகியது என்று, ஒழுகாமல் தடுக்கிற ரப்பர் சீலை மாற்றிய மெக்கானிக், கியர்பாக்ஸிலும் பின் அச்சிலும் ஆயில் கறுத்துப் போயிருக்கிறது, இரண்டையும் மாற்றிவிடலாம் என்று சொன்னானாம். இதை தேவநாதன் போனில் சொன்னதுதான் தாமதம்.

"எந்த மெக்கானிக் மச்சான்?"

"அதான் எங்க ஊர் கூட்ரோட்டுல ஷெட்டு போட்டுக்கினு கீறானே, அருள்பாண்டி. மானாமதுரை பக்கத்து ஆளு."

விமல்ராஜ் சிரித்தான். "அவன் போர்டு எழுத்து மட்டும்தான் அழகு. வேலை சுத்தம் கிடையாது. ஞாயித்துக்கிழமை வண்டியை இங்க எடுத்தாங்க, நான் மாத்தித் தரேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வேன் வந்தது. கூடவே மாமியார் காமாட்சியம்மாளும் வந்துவிட்டார், மருமகன் கைவண்ணத்தைப் பார்க்க. பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்து பூண்டு உரிக்கத் தொடங்கினார். சசிரேகா வாசற்படியில் நின்றாள். கூட்டம் மூன்றே பேர்தான் என்றாலும் விமல்ராஜுக்கு அது போதும், அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

முறையாகத்தான் ஆரம்பித்தான். ஆயில் சூடானால்தான் முழுசாக இறங்கும் என்று வேனை ஹைவே வரை ஓட்டிவிட்டு வந்தான். நான்கு சக்கரத்துக்கும் கீழே மரக்கட்டை கொடுத்து வண்டியை மட்டமாகத் தூக்கி நிறுத்தினான். ஆயில் ஊற்றுகிற துளையின் போல்ட்டை முதலில் கழற்றிப் பார்த்த பிறகுதான் கீழே இறக்குகிற போல்ட்டில் கை வைத்தான். மேலே திறக்க வராமல் கீழே மட்டும் இறக்கிவிட்டால் வண்டி அங்கேயே நின்றுவிடும் என்று விளக்கமும் சொன்னான். கியர்பாக்ஸ் முடிந்தது. அதில் ஒரு குறையும் இல்லை, போல்ட்டை மூச்சுப் பிடித்து முறுக்கினான்.

பிறகு பின் அச்சுக்குப் போனான். அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி புடைத்துக்கொண்டிருக்கும் டிஃபரன்ஷியலின் அடிப் போல்ட்டைக் கழற்றியதும் ஆயில் கறுப்பாக, கெட்டியாக பேசினில் இறங்கியது. காமாட்சியம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னா மாப்ள, அழுவுன முட்டை நாத்தம் வருது."

"கியர் ஆயில்னா அப்படித்தான் அத்தை. கையில பட்டா ரெண்டு நாளைக்குப் போவாது."

"அந்த மெக்கானிக்கு புள்ளாண்டான் நல்லவன்னு சொன்னாங்களே."

அவ்வளவுதான். விமல்ராஜுக்கு வாய் கொஞ்சம் நீளம். வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடியே கதையை எடுத்தான்.

"அவன் எங்க லைன்ல கான்ட்ராக்ட்ல இருந்தவன் தான் அத்தை. ஆறு வருசம் ஆச்சு. அப்போ இந்த விளக்கு எரியற கன்னெல்லாம் வரல. போல்ட்டைக் கையால திருகி வச்சிட்டு, டைட் பண்ணாமலே மார்க் போட்டுட்டான். கடைசி செக்கிங்ல வண்டி மாட்டிக்கிச்சு. நான்தான் காலையில மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் நிக்க வச்சுக் கேட்டேன். 'டைட் பண்ணாம எப்படிடா மார்க் போட்டே?' என்னமோ சொல்ல வந்தான், காரணம் சொல்லாதன்னுட்டேன். மறுநாளே கேட் பாஸை வாங்கிட்டு அனுப்பிட்டாங்க. அதுக்கு அப்புறம்தான் மார்க்கரை டீம் லீடர் கையில மட்டும்தான் தரணும்னு ரூலே வந்துச்சு."

சொல்லிக்கொண்டே, இறங்கி முடிந்த துளையில் போல்ட்டை வைத்துக் கையால் திருகினான். திருகிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் மார்க்கரை எடுத்தான். ஞாயிற்றுக்கிழமையும் அது அவன் பையில்தான் இருக்கும்.

"இதோ பாருங்க மச்சான், குனிஞ்சு பாருங்க. இந்தக் கோடு போட்டாச்சுன்னா அவ்ளோதான். அதுக்கு மேல யாரும் தொட்டுப் பாக்க வேணாம்."

தேவநாதன் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து பார்த்தார். கோடு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. "கம்பெனி வேலைன்னா கம்பெனி வேலைதான்," என்றார். ஸ்பேனர் அவர் காலடியிலேயே, கோணி மேல் கிடந்தது.

பிறகு குழாய் வைத்துப் புது ஆயிலை ஊற்றினான். மேல் துளையில் வழிந்ததும் அதை முறுக்கி மூடினான். மதியம் மீன் குழம்பு. கையை இலைப் பக்கம் கொண்டுபோகாமல் ஸ்பூனால்தான் சாப்பிட்டான், அவ்வளவு நாற்றம். ஆனால் அன்றைக்கு அந்த நாற்றம் அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை தேவநாதன் போன் செய்தார். பின்பக்கம் ஊவென்று ஒரு சத்தம் வருகிறதாம். "புது ஆயில் மச்சான், செட் ஆவற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்," என்றான் விமல்ராஜ். அப்படி ஒன்று உலகத்தில் கிடையாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை, அதனால் சொன்னான். புதன்கிழமை மறுபடியும் போன் வந்தது, சத்தம் ஜாஸ்தியாகிவிட்டது என்று. அவன் கேன்டீனில் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். பேச்சை முடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு.

"அந்த அருள்பாண்டி போட்ட சீலைப் பாருங்க மச்சான். அதுலதான் மறுபடியும் ஒழுவுதோ என்னமோ."

இரண்டு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டுத் தட்டை நீட்டிச் சாம்பார் வாங்கிக்கொண்டான்.

வியாழக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது, ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் எதிர்ப்பக்கம் அந்த வேன் ஓரம்கட்டி நிற்பதைப் பார்த்தான். பின்கதவு திறந்திருந்தது. காலி அண்டாக்களுக்குப் பக்கத்தில் தேவநாதன் போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். டிரைவரிடம் சொல்லி இறங்கி, நடுத்திட்டைத் தாண்டி ஓடினான்.

"வாங்க மாப்ள. நீங்க சொன்னது கரெக்டு. சத்தம் தாங்காம நிறுத்திட்டேன், தீஞ்ச வாடை அடிக்குது. அந்த அருள்பாண்டியை வரச் சொல்லிக்கீறேன். வரட்டும், சீலு போட்ட லட்சணத்தை இன்னைக்குக் கேக்கறேன்."

"இருங்க, நான் பாக்கறேன்," என்று விமல்ராஜ் யூனிபார்மோடு தரையில் படுத்து உள்ளே நகர்ந்தான்.

பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. டிஃபரன்ஷியலின் அடி முழுக்க ஆயில் நனைந்து, அதில் ரோட்டுப் புழுதி அப்பியிருந்தது. போல்ட் பாதி இறங்கி, விழுவேனா மாட்டேனா என்று மரையில் தொங்கியது. போல்ட்டின் தலையில் இருந்த மஞ்சள் கோடு ஒரு பக்கம், இரும்பில் இருந்த மஞ்சள் கோடு இன்னொரு பக்கம். ஸ்பேனர் கோணி மேல் கிடந்தது ஞாபகம் வந்தது, அதை எடுத்தது மட்டும் எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. எடுத்தால்தானே வரும்.

அடுத்து அவன் செய்ததை நினைத்தால் இப்போதும் அவனுக்கு உடம்பு கூசுகிறது. வெளியே தலையை நீட்டி, "டூல்ஸ் பை எங்க மச்சான்?" என்றான்.

"எதுக்கு மாப்ள?"

"சும்மா, பாக்கத்தான்."

ஸ்பேனரை வாங்கிப் போல்ட்டை முறுக்கினான். ஞாயிற்றுக்கிழமை முறுக்க வேண்டியதை வியாழக்கிழமை முறுக்கினான். அடியில் இருந்த ஆயிலைக் கைக்குட்டையால் துடைத்தான். ஆனால் கோடு? கையால் மட்டும் திருகியிருந்தபோது போட்ட கோடு அது. இப்போது போல்ட் நன்றாக இறுகியதும், தலையில் இருந்த கோடு இரும்பில் இருந்த கோட்டைத் தாண்டி அரைச் சுற்று போய் நின்றது. நகத்தால் சுரண்டிப் பார்த்தான். கம்பெனி மார்க்கர், லேசில் போகிற மையா அது? இன்ஜின் ஆயிலுக்கே அசையாது என்று அவனே எத்தனை பேருக்கு வகுப்பு எடுத்திருக்கிறான்.

வெளியே வந்து நின்றபோது அருள்பாண்டியின் குட்டி லோடு வண்டி வந்து நின்றது. ஆறு வருஷத்தில் ஆள் கொஞ்சம் பருத்திருந்தான். விமல்ராஜைப் பார்த்ததும் ஒரு நொடி தயங்கி, "வாங்கண்ணே," என்றான். வந்தவன் அவன், நின்றிருந்த இவனைப் பார்த்து வாங்க என்கிறான்.

தேவநாதன் பிடித்துக்கொண்டார். வாய்க்கு வந்தபடி பேசினார். சீல் மாற்றி மூணு வாரம் ஆகவில்லை, அதற்குள் ஆயில் பூராவும் ஒழுகிவிட்டது, வேலை தெரியாதவன் எதற்கு ஷெட் போடுகிறான், கம்பெனியிலிருந்து துரத்திவிட்டவன்தானே, மாப்ளை எல்லாம் சொன்னார் என்று. அந்தக் கடைசி வார்த்தையில் அருள்பாண்டி விமல்ராஜைத் திரும்பிப் பார்த்தான். விமல்ராஜ் ரோட்டில் போன லாரியைப் பார்த்தான்.

அருள்பாண்டி டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனான். வெளியே இரண்டு கால் மட்டும் தெரிந்தது. அந்தக் கால்கள் கொஞ்ச நேரம் அசையவே இல்லை. வெளியே வந்தவன் கையைத் துடைத்துக்கொண்டே விமல்ராஜின் சட்டைப் பையைப் பார்த்தான். மஞ்சள் மூடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நீங்களும் பாத்தீங்களாண்ணே?"

"பாத்தேன்."

"சீல்தானா? நீங்களே சொல்லுங்க."

கேட்ட விதத்தில் குத்தல் இல்லை. நிஜமாகவே இவனிடம் விட்டுவிட்டான். 'இல்லை' என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான் வேண்டியிருந்தது. தேவநாதன் இவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பென்னலூரும் சேரப்பணஞ்சேரியும் சேர்ந்து பார்ப்பது போல விமல்ராஜுக்குத் தோன்றியது.

"சீலையும் ஒரு வாட்டி கழட்டிப் பாத்துடலாம்," என்றான்.

சொல்லி முடிப்பதற்குள் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அருள்பாண்டி தலையை ஆட்டினான். "சரிண்ணே, பாத்துருவோம்."

ஜாக்கி வைத்தான். நாலு மணி வெயில், கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகிற நேரம். ரோட்டோரத்தில் குத்த வைத்து உட்கார்ந்து, இரண்டு வாரத்துக்கு முன்னால் மாட்டிய அதே சக்கரத்தை, தான் யோக்கியன் என்று காட்டுவதற்காகக் கழற்றத் தொடங்கினான். முதல் நட்டு வந்தது. தேவநாதன் மேலிருந்து சக்கரத்தின் இடுக்கில் கைபேசி வெளிச்சம் அடித்துக்கொண்டு, "நல்லாப் பாக்கறேன், ஏமாத்தலாம்னு நெனைக்காதே," என்றார். இரண்டாவது நட்டு வந்தது. அருள்பாண்டியின் முதுகில் சட்டை ஒட்டிப் போயிருந்தது. மீட்டிங்கில் அன்றைக்கு அவன் நின்றபோதும் முதுகு இப்படித்தான் நனைந்திருந்தது. அதை அப்போது விமல்ராஜ் பார்த்தான், திருட்டு முழி என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லவும் செய்தான்.

மூன்றாவது நட்டில் ஸ்பேனரை வைத்தபோது விமல்ராஜால் தாங்க முடியவில்லை.

"விடு. கழட்டாத." குரல் அவனுக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னான். "மச்சான், சீல் இல்ல. ஞாயித்துக்கிழமை அந்த அடிப் போல்ட்டை நான் டைட் பண்ணல. கையால வச்சுட்டு மார்க் போட்டுட்டேன். இப்போ உள்ள போனப்பதான் டைட் பண்ணேன். அதுவும் உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு."

சொல்லிவிட்டு நின்றான். மச்சான் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றான். அதற்குத் தகுதி இருக்கிறது என்று மனதார நினைத்தான்.

தேவநாதன் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"அட, இவ்ளோதானா? நான் இன்னாமோன்னு பயந்தே பூட்டேன். ஒரு நாளைக்கு எத்தினி வண்டி பாக்கற ஆளு நீங்க. ஒண்ணு மறந்துட்டா இன்னா இப்போ? நாங்க மூணு பேரு சுத்தி நின்னு தொணதொணன்னு பேசிக்கினு இருந்தோம், அதுல மறந்துருப்பீங்க." தோளில் தட்டினார். அருள்பாண்டி பக்கம் திரும்பி, "சரி, அந்த நட்டை மறுபடியும் மாட்டு," என்றார். அருள்பாண்டிக்கு அவ்வளவுதான் கிடைத்தது.

எதிர்ப்பக்கக் கடையிலிருந்து டீ வரவழைத்தார், முதல் டம்ளர் மாப்பிள்ளைக்கு. வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னார். காமாட்சியம்மாள் குரல் ஸ்பீக்கரில் வந்தது. "பாவம், மாப்ளைக்கு வேலை ஜாஸ்தி. ஞாயித்துக்கிழமைகூட ஓய்வு இல்லாம நமக்குன்னு செஞ்சாரு. அவரை ஒண்ணும் சொல்லாத தேவா." விமல்ராஜ் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். இதற்கு மச்சான் இரண்டு அடி அடித்திருக்கலாம். ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே தப்புக்கு ஒருத்தன் பாஸைக் கொடுத்துவிட்டு கேட்டைத் தாண்டிப் போனான். அதே தப்புக்கு இவனுக்கு டீயும் பாவமும் கிடைக்கிறது.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வண்டியின் பின்னால் போனான். அருள்பாண்டி டிஃபரன்ஷியலில் ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தான். உள்ளே பேரிங் போயிருக்கும், இருந்தாலும் ஆயில் ஊற்றினால் மெதுவாகக் கயிறு கட்டி ஷெட் வரை இழுத்துவிடலாம் என்றான். நாலைந்து நாள் வேன் ஓடாது என்றும் சொன்னான். விமல்ராஜ் பக்கத்தில் குத்த வைத்து ஆயில் கேனைப் பிடித்துக்கொண்டான்.

"உனக்குப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு இல்ல?"

"கோடு தாண்டிப் போயிருந்துச்சுண்ணே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நான் சொன்னா காரணம் சொல்றான்னுதான சொல்வாக."

விமல்ராஜ் கேனைச் சாய்த்தான். ஆயில் விரலில் வழிந்தது. கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டான். "அன்னைக்கு மீட்டிங்ல நீ என்னமோ சொல்ல வந்தியே. என்ன அது?"

அருள்பாண்டி ஆயில் வழிகிறதா என்று துளையையே பார்த்துக்கொண்டிருந்தான். வழிந்தது. போல்ட்டை வைத்து, ஸ்பேனரால் முறுக்கி, இன்னொரு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டான். பிறகு சாதாரணமாகச் சொன்னான்.

"போல்ட்டைக் கையால வச்சுக்கிட்டு இருந்தப்ப கூப்புட்டாக. ஆயுத பூசைக்குப் போர்டு எழுதணும், உன் கையெழுத்துதான் நல்லாருக்கும், ரெண்டு நிமிசம் வாடான்னு. எழுதிட்டு வந்து பாத்தா போல்ட் மாட்டி இருந்துச்சு. டைட் பண்ணிட்டேன்னு நெனைச்சு மார்க்கைப் போட்டுட்டேன்."

"யாரு கூப்பிட்டது?"

"நீங்கதாண்ணே."

விமல்ராஜுக்குப் போர்டு ஞாபகம் இருந்தது. பச்சைக் கரைபோட்டுச் சிவப்பில் எழுதிய போர்டு. அதற்கு முன்னால் நின்று அவன் போட்டோகூட எடுத்துக்கொண்டான், அந்தப் போட்டோ இன்னும் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. கூப்பிட்டது மட்டும் ஞாபகத்தில் இல்லவே இல்லை.

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் அருள்பாண்டி எழுந்து கயிற்றை எடுக்கப் போய்விட்டான்.

"மாப்ள, டீ ஆறுது பாருங்க," என்றார் தேவநாதன்.

இழுத்துக்கொண்டு போகும்போது வேனின் ஸ்டியரிங்கை விமல்ராஜ்தான் பிடித்தான். தேவநாதன் முன்னால், லோடு வண்டியில் அருள்பாண்டி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நடக்கிற வேகத்தில்தான் போக முடிந்தது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்துத் தாண்டிப் போனார்கள். கயிறு நாலு முழம்தான், அதனால் அந்த லோடு வண்டியின் பின்கதவு அவன் கண்ணுக்கு நேரே நின்றது. 'அருள்பாண்டி மெக்கானிக், சேரப்பணஞ்சேரி' என்று பச்சைக் கரைபோட்டுச் சிவப்பில் எழுதியிருந்தது. அழகான எழுத்து. சேரப்பணஞ்சேரி வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டேதான் அவன் போக வேண்டியிருந்தது.